லிதுவேனிய மொழி சமஸ்கிருதத்தின் மகளா? பால்டிக் மொழிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த சித்தப்பா போனை நீட்டினார். "இதப் பாருப்பா, ஐரோப்பாவுல லிதுவேனியான்னு ஒரு நாடு இருக்காம். அங்க பேசறது அப்படியே சமஸ்கிருதமாம். நெருப்புக்கு உக்னின்னு சொல்றாங்களாம். உலகத்துலயே பழைய மொழியாம்." எதிர் வரிசையில் இருந்த அத்தான் விடவில்லை. "அதெல்லாம் ரஷ்யன் மாதிரி ஒண்ணுதான் மாமா. அந்தப் பக்கம் பூரா சோவியத் யூனியனா இருந்ததுதானே?"

இரண்டு பேர் சொன்னதும் தவறு. ஆனால் இரண்டிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தத் துளிதான் குழப்பத்துக்கே காரணம். பந்தி முடிவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். கன்னடம் காதில் விழுந்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்று நாடுகள், இரண்டு மொழிகள்

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடல். அதன் கிழக்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்காக எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்று மூன்று சிறிய நாடுகள். செய்திகளில் இவற்றைச் சேர்த்தே "பால்டிக் நாடுகள்" என்பார்கள். 1989 ஆகஸ்ட் 23 அன்று, சோவியத் பிடியிலிருந்து விடுதலை கேட்டு இந்த மூன்று நாட்டு மக்களும் கைகோத்து நின்றார்கள். மூன்று தலைநகரங்களையும் இணைத்து, தாலினில் தொடங்கி ரீகா வழியாக வில்னியஸ் வரை சுமார் 600 கிலோமீட்டர் நீண்ட மனிதச் சங்கிலி அது. ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

அவர்கள் கேட்டது ஒன்றையே. ஆனால் "விடுதலை" என்பதற்கு எஸ்டோனிய மொழியில் வபதுஸ், லாட்விய மொழியில் பிரீவீபா, லிதுவேனிய மொழியில் லைஸ்வே. ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லை.

இதில் எஸ்டோனிய மொழி வேறு குடும்பம். அது ஃபின்லாந்தின் ஃபின்னிய மொழிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் யூராலிக் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. லிதுவேனியமும் லாட்வியமும்தான் இன்று உயிரோடு இருக்கும் பால்டிக் மொழிகள். (பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாம் என்று தோன்றும் அளவுக்கு இந்த ஒரு விஷயம் தவறாகச் சொல்லப்படுகிறது.) அவற்றின் வட்டார வழக்குகளில் லாட்கேலிய மொழியையும் ஷெமாய்த்திய மொழியையும் தனி மொழிகளாகவே பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. லிதுவேனியம் பேசுவோர் சுமார் 30 லட்சம். லாட்வியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் சென்னை மாநகரின் மக்கள்தொகையை எட்டாது.

அக்கம்பக்கம் வேறு, சொந்தபந்தம் வேறு. மதுரையில் தமிழ் பேசும் வீடும் சௌராஷ்டிரம் பேசும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நூற்றாண்டுக் கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் சௌராஷ்டிரத்தின் உறவினர் குஜராத்தியும் மராத்தியும்தான். தமிழின் உறவுக்காரியான பிராகுயி, பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் இருக்கிறது. பால்டிக் கரையிலும் அதே கதைதான்.

அக்கம்பக்கத்தில் இருந்தால் கொடுக்கல் வாங்கல் இருக்கும். கோடாரிக்கு லிதுவேனியத்தில் கிர்விஸ். எஸ்டோனியர்களும் ஃபின்னியர்களும் கிர்வெஸ் என்கிறார்கள். பால்டிக் பக்கமிருந்து போன சொல் அது. எதிர்த் திசையில், வீட்டுக்கு லாட்வியர்கள் சொல்லும் மாயா என்பது எஸ்டோனியத்தின் உறவு மொழிகளிடமிருந்து வந்தது. கோடாரி கொடுத்து வீடு வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடன் வாங்கியதால் உறவு ஏற்பட்டுவிடாது.

பால் ஏன் ஹாலு ஆனது?

அப்படியானால் இரண்டு மொழிகள் ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பஸ், ஹோட்டல், டிக்கெட் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுதான். தமிழும் ஆங்கிலமும் உறவாகிவிடவில்லை.

முதல் முறை பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விடியற்காலையில் பால் வாங்கப் போய்க் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "ஹாலு" என்றார் கடைக்காரர். ஒரு வாரத்துக்குள் பிடிபட்டுவிட்டது. பால் என்றால் ஹாலு, புலி என்றால் ஹுலி, பூ என்றால் ஹூவு, பத்து என்றால் ஹத்து, பெயர் என்றால் ஹெசரு. தமிழில் சொல்லின் முதலில் "ப" வந்தால் கன்னடத்தில் அந்த இடத்தில் "ஹ". பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இதே சொற்கள் பகரத்தோடுதான் இருக்கின்றன. பின்னாளில்தான் மாறின.

இப்படி ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு இன்னொரு மொழியில் தவறாமல் ஒரு குறிப்பிட்ட ஒலி வந்து நிற்பதை "ஒழுங்கான ஒலிமாற்றம்" என்கிறோம். அப்படி இணைந்து நிற்கும் சொற்கள் "இனச்சொற்கள்". சொற்கள் ஒரே மாதிரி இருப்பதைவிட ஒழுங்காக வேறுபடுவதுதான் உறவுக்கு வலுவான சான்று. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மொழியியலின் அடித்தளமே இதுதான்.

லிதுவேனியத்துக்கும் லாட்வியத்துக்கும் இடையே இதைப் போட்டுப் பார்க்கலாம். இதயம்: லிதுவேனியத்தில் ஷிர்திஸ், லாட்வியத்தில் ஸிர்ட்ஸ். நூறு: ஷிம்தஸ், ஸிம்ட்ஸ். ஆறு: ஷெஷி, ஸெஷி. லிதுவேனிய மொழியில் சொல்லின் தொடக்கத்தில் "ஷ" என்று வரும் இடத்தில் லாட்வியத்தில் "ஸ". அடுத்தது இகர எகரங்களுக்கு முன்னால் வரும் ககரம். கண்: அகிஸ், அட்ஸ். ஐந்து: பெங்கி, பியெட்ஸி. லிதுவேனியத்தின் "க" லாட்வியத்தில் "ட்ஸ" ஆகிவிடுகிறது.

இன்னொன்று காதுக்கே தெரியும். கடவுள்: தியெவஸ், தியெவ்ஸ். ஓநாய்: வில்கஸ், வில்க்ஸ். ஆண்: வீரஸ், வீர்ஸ். பனி: ஸ்னியெகஸ், ஸ்னியெக்ஸ். லாட்வியம் சொல்லின் கடைசி உயிரை விழுங்கிவிட்டது. லாட்வியத்தில் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். தலையில் அழுத்தம் கொடுத்தால் வால் தேய்கிறது. லிவோனியம் போன்ற பக்கத்து மொழிகளின் தாக்கத்தால் வந்த பழக்கம் இது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். "நன்றி" என்பதற்கான பல்தியெஸ் போன்ற சில சொற்கள் மட்டும் விதிவிலக்கு, அதில் அழுத்தம் இரண்டாம் அசையில்.

இதுவரை பார்த்தது: பால்டிக் என்பது கரையின் பெயராகவும் இருக்கிறது, ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராகவும் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. உறவை முடிவு செய்வது ஒழுங்கான ஒலிமாற்றம்.

சித்தப்பாவுக்குப் பதில்

இப்போது சமஸ்கிருதத்துக்கு வருவோம். ஒற்றுமைகள் நிஜமானவை, அதை மறுக்க வேண்டியதில்லை. நெருப்பு: உக்னிஸ், அக்னி. மகன்: சூனுஸ், சூனு. புகை: தூமஸ், தூம. ஆண்: வீரஸ், வீர. செம்மறி ஆடு: அவிஸ், அவி. நாய்க்கு ஷுவோ, "நாயின்" என்று சொல்ல ஷுன்ஸ். தமிழில் நாம் படித்திருக்கும் சுவானம், சுனகன் என்ற வடசொற்களை இங்கே நினைத்துப் பாருங்கள்.

லிதுவேனியத்தில் ஒரு பழமொழி உண்டு: "தியெவஸ் தவே தந்திஸ், துவோஸ் இர் துவோனோஸ்." கடவுள் பல்லைக் கொடுத்தார், ரொட்டியும் கொடுப்பார். நம் ஊரில் "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்போம். இந்தப் பழமொழியில் தியெவஸ் என்பதற்குத் தேவ, தந்திஸ் என்பதற்குத் தந்த, தவே என்பதற்குத் தா என்ற கொடுத்தல் வினை, துவோனா என்பதற்குத் தானா என்ற தானியச் சொல் என்று ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லுக்கும் சமஸ்கிருதத்தில் இனச்சொல் இருக்கிறது. லாட்வியத்தில் பல்லுக்கு ஸுவொப்ஸ், ரொட்டிக்கு மைஸெ. இவ்வளவு நெருங்கிய லாட்வியமே இங்கே விலகி நிற்க, லிதுவேனியம் ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போது சித்தப்பாவுக்குச் சிலிர்ப்பதில் ஆச்சரியமில்லை. எனக்கும் சிலிர்க்கிறது.

ஆனால் இதற்குக் காரணம் தாய்-மகள் உறவு இல்லை. சமஸ்கிருதம், லிதுவேனியம், லத்தீன், கிரேக்கம், பாரசீகம், ரஷ்யன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மூதாதை மொழி இருந்தது. அதை "மூல இந்தோ-ஐரோப்பிய மொழி" என்கிறார்கள். அதற்கு எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. பேரப்பிள்ளைகளின் முகங்களை ஒப்பிட்டுப் பாட்டியின் முகத்தை வரைவது போல, வாரிசு மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது அது. லிதுவேனியமும் சமஸ்கிருதமும் அந்தப் பாட்டியின் வெவ்வேறு கிளைகளில் பிறந்தவை.

"அதெப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள், சமஸ்கிருதத்திலிருந்தே லிதுவேனியம் போயிருக்கக் கூடாதா?" என்ற கேள்வி நியாயமானது. பதில் ஓர் உயிரெழுத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏழு: லத்தீனில் செப்தெம், கிரேக்கத்தில் ஹெப்தா, லிதுவேனியத்தில் செப்தினி. முதல் உயிர் எல்லாவற்றிலும் எகரம். சமஸ்கிருதத்தில் மட்டும் சப்த, அகரம்.
"இருக்கிறது": லத்தீனில் எஸ்த், கிரேக்கத்தில் எஸ்தி, பழைய லிதுவேனியத்தில் எஸ்தி. சமஸ்கிருதத்தில் அஸ்தி.
தேன்: லிதுவேனியத்தில் மெதுஸ். கிரேக்கத்தில் மெது என்றால் குடிக்கும் மது. சமஸ்கிருதத்தில் தேனுக்கு மது.
இனி வண்டியின் அச்சு: லத்தீனில் ஆக்ஸிஸ், கிரேக்கத்தில் ஆக்ஸோன், லிதுவேனியத்தில் அஷிஸ், சமஸ்கிருதத்தில் அக்ஷ. இங்கே எல்லாவற்றிலும் அகரம்.

நடந்தது என்ன? மூதாதை மொழியில் எகரமும் அகரமும் தனித்தனியாக இருந்தன. சமஸ்கிருதத்தின் கிளையில் எகரம் அகரத்தோடு கலந்து ஒன்றாகிவிட்டது. இரண்டு வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றிய மாதிரி. கலந்த பிறகு எந்தச் சொட்டு எந்த வீட்டுப் பசுவினுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. லிதுவேனியம் சமஸ்கிருதத்திலிருந்து வந்திருந்தால் கலந்த பாலைத்தான் பெற்றிருக்கும். சப்த என்பதில் இருக்கும் அகரத்தை எகரமாக்கு, அக்ஷ என்பதில் இருக்கும் அகரத்தை அப்படியே விடு என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை. லத்தீனும் கிரேக்கமும் எகரம் சொல்லும் அதே இடங்களில் லிதுவேனியமும் எகரம் சொல்கிறது என்றால், கலப்பதற்கு முன்பே அது தன் பாலைத் தனிச் செம்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

மறுபக்கமும் உண்டு. சமஸ்கிருதத்தின் தூம என்பதில் வருவது வடமொழியின் நான்காவது "த", மூச்சுக் காற்றோடு சேர்த்துச் சொல்வது. லிதுவேனியத்தின் தூமஸ் என்பதில் அந்த மூச்சு இல்லை. அது மூன்றாவது "த" என்பதோடு கலந்துவிட்டது. அதனால் லிதுவேனியத்திலிருந்து சமஸ்கிருதம் வந்தது என்றும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு பொருளைத் தொலைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சுருக்கமாக: தாயும் மகளும் இல்லை. ஒரே பாட்டியின் வெவ்வேறு கிளைப் பேத்திகள். ஒற்றுமை அதனால் வந்தது.

"பழைய மொழி" என்று எதைச் சொல்கிறோம்?

லிதுவேனியம் உலகின் மிகப் பழைய மொழி என்ற பேச்சுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, எழுத்துச் சான்றின் வயது. லிதுவேனிய மொழியில் அச்சான முதல் நூல் மார்தினாஸ் மாஷ்விதாஸ் தொகுத்த சமய வினாவிடை. 1547இல் கூனிக்ஸ்பெர்க் நகரில் அச்சானது. அந்த வகையில் பார்த்தால் லிதுவேனியம் ஐரோப்பாவிலேயே தாமதமாக எழுத்துக்கு வந்த மொழிகளில் ஒன்று. தமிழின் எழுத்துச் சான்று 2,000 ஆண்டுகளைத் தாண்டியது.

மற்றொன்று, பழைய கூறுகளைக் கைவிடாமல் வைத்திருப்பது. இதில்தான் லிதுவேனியம் வியக்க வைக்கிறது. பாட்டன் வீட்டைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இடித்துவிட்டு மாடி கட்டினார். இன்னொருவர் தேக்குத் தூணையும் முற்றத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு குளியலறையை மட்டும் மாற்றினார். இரண்டாமவர் வீட்டைப் பார்த்தால் பாட்டன் காலத்து அமைப்பு தெரியும். ஆனால் அவர் அண்ணனைவிட வயதில் மூத்தவர் ஆகிவிட மாட்டார். மொழிகளும் அப்படியே. இன்று பேசப்படும் மொழிகளில் ஏறக்குறைய எல்லாமே தலைமுறை தலைமுறையாக இடைவிடாமல் பேசப்பட்டு வந்தவைதான்; ஒன்று மூத்தது, ஒன்று இளையது என்று பிறந்த தேதி எழுத முடியாது. தமிழின் தொன்மையைப் பேசும்போதும் இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால் நம் வாதம் வலுப்படும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

லிதுவேனியம் காப்பாற்றியது பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் பக்கம். வினைச்சொல்லில் அது நிறையவே இழந்திருக்கிறது. "அவன் பாடுகிறான்", "அவள் பாடுகிறாள்", "அவர்கள் பாடுகிறார்கள்" எல்லாவற்றுக்கும் தைனுவோயா என்ற ஒரே வடிவம்தான். பெயர்ச்சொற்களில் ஆண்பால், பெண்பால் மட்டும் மிஞ்ச, மூன்றாவதான அலிப்பால் போய்விட்டது. உறைந்துபோன மொழி என்பது தவறான படம்.

காடும் சதுப்பும் சூழ்ந்த நிலம், ஒதுங்கிய வாழ்க்கை என்று இந்தப் பழமைக்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். முழு விளக்கம் என்று எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் வரலாறு: 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசுகளில் ஒன்றாக இருந்த லிதுவேனியப் பெருங்கோமகன் அரசு தன் ஆவணங்களை லிதுவேனியத்தில் எழுதவில்லை. ஒரு ஸ்லாவிய மொழியிலும் லத்தீனிலும் பின்னர் போலிஷ் மொழியிலும் எழுதியது. லிதுவேனியம் பெரும்பாலும் உழவர் வீட்டு மொழியாகவே இருந்தது. 1852இல் ஜெர்மன் அறிஞர் அவுகுஸ்ட் ஷ்லைஷர் அங்கே போய் உழவர்களின் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டார். மொழிகளைக் குடும்ப மரமாக வரைந்து காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர் அவர்தான்.

சொல்லின் வால் செய்யும் வேலை

இந்த மொழிகளின் அமைப்பு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு மிரட்சியாக இருக்கும். தமிழருக்கு அவ்வளவு இருக்காது, நமக்குத்தான் வேற்றுமை உருபு பள்ளிக்கூடத்திலேயே பழக்கமாயிற்றே. லிதுவேனியத்தில் ஏழு வேற்றுமைகள். வீடு என்பது நாமஸ். வீட்டின், நாமோ. வீட்டுக்கு, நாமுய். வீட்டை, நாமா. வீட்டால், நமு. வீட்டில், நமெ. ஏழாவது விளி. முதல் நான்கில் "நா" என்று நீண்டதும், அடுத்த இரண்டில் "ந" என்று குறுகியதும் தெரிகிறதா? அழுத்தம் முன்னால் இருந்தபோது உயிர் நீள்கிறது. அழுத்தம் வாலுக்கு நகர்ந்ததும் குறுகிவிடுகிறது. லாட்வியம்போல இல்லாமல் லிதுவேனியத்தில் அழுத்தம் இடம் மாறும். அந்த மொழியைக் கற்பவர்கள் திண்டாடும் இடம் இதுவே.

ஆனால் தமிழிலிருந்து ஒரு பெரிய வேறுபாடு. நாம் "வீடுகளை" என்று சொல்லும்போது வீடு, கள், ஐ என்று மூன்று துண்டுகளையும் தனித்தனியாகக் காட்டலாம். கள் என்றால் பன்மை, ஐ என்றால் இரண்டாம் வேற்றுமை. மணியைக் கோத்த மாதிரி. இதை "ஒட்டுநிலை" என்பார்கள். லிதுவேனியத்தில் "வீடுகளை" என்பது நமுஸ். அந்த "உஸ்" என்ற ஒரே விகுதிக்குள் பன்மையும் இருக்கிறது, இரண்டாம் வேற்றுமையும் இருக்கிறது, ஆண்பாலும் இருக்கிறது. வெட்டிப் பிரிக்க முடியாது. இதற்கு "உட்பிணைப்பு நிலை" என்று பெயர். சமஸ்கிருதமும் இதே வகை.

இந்த விகுதிப் பழக்கம் ஆட்களின் பெயரையும் விடாது. கஸ்லௌஸ்கஸ் என்பது லிதுவேனியாவில் பரவலான குடும்பப் பெயர். அவர் மனைவி கஸ்லௌஸ்கியெனே, மணமாகாத மகள் கஸ்லௌஸ்கைதே. பெயரைக் கேட்டாலே மணமானவரா என்று தெரிந்துவிடும். 2003 முதல் அதைக் காட்டாத குறுகிய விகுதியைப் பெண்கள் தேர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. வெளிநாட்டார் பெயருக்கும் வால் முளைக்கும். நம் காந்தி லிதுவேனியத்தில் காந்திஸ், லாட்வியத்தில் காந்தியிஸ். ஷேக்ஸ்பியர் ஷெக்ஸ்பீரஸ், ஷெக்ஸ்பீர்ஸ். வால் இல்லாவிட்டால் வேற்றுமை உருபை எங்கே மாட்டுவது? அதனால்தான் இந்த ஏற்பாடு.

குறில் நெடிலும், "ஆம்" விகுதியும்

படம், பாடம் என்று குறில் நெடிலால் பொருள் மாறுவது நமக்கு இயல்பு. லாட்வியத்திலும் அப்படியே. கஸஸ் என்றால் ஆடுகள், காஸஸ் என்றால் கல்யாணம். நெடிலைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு போடுவார்கள்.

இதோடு நிற்காமல் ஒரே நெடிலையோ கூட்டுயிரையோ ஏறும் குரலில் சொன்னால் ஒரு பொருள், இறங்கும் குரலில் சொன்னால் இன்னொரு பொருள் என்பதும் உண்டு. லிதுவேனியத்தில் அவுஷ்தி என்பதை ஒரு விதமாகச் சொன்னால் "ஆறிப்போக", இன்னொரு விதமாகச் சொன்னால் "பொழுது விடிய". அந்திஸ் என்பது ஒரு குரலில் வாத்து, மறு குரலில் மார்பு. சீன மொழியைப் போல ஒவ்வோர் அசைக்கும் இது இல்லை. அழுத்தம் விழும் அசைக்கு மட்டுமே. எழுத்தில் இந்தக் குரல் வேறுபாட்டைக் காட்டுவதும் இல்லை.

எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றிய கூறு இன்னொன்று. சித்தப்பா என்ன சொன்னார்? "நாடு இருக்காம், சமஸ்கிருதமாம்." அந்த "ஆம்" இல்லாவிட்டால் அது அவரே கண்டறிந்த உண்மை ஆகிவிடும். "ஆம்" போட்டதால் கேள்விப்பட்டது என்று தெரிகிறது. லாட்வியத்தில் இதற்கென்று ஒரு வினை வடிவமே இருக்கிறது. "வின்ஷ் இர் ஸ்லிம்ஸ்" என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை. "வின்ஷ் எஸுவொட் ஸ்லிம்ஸ்" என்றால் அவருக்கு உடம்பு சரியில்லையாம். லிதுவேனியத்திலும் எச்ச வடிவங்களை வைத்து இதைச் சொல்வார்கள். தமிழுக்கும் லாட்வியத்துக்கும் இதனால் உறவு எதுவும் இல்லை. கேள்விப்பட்டதைக் கண்டதுபோலச் சொல்லக் கூடாது என்ற அக்கறை இரண்டு இடத்திலும் இலக்கணமாகியிருக்கிறது.

அத்தானுக்குப் பதில்

ரஷ்யனோடு உறவு இல்லையா? இருக்கிறது, ஆனால் அத்தான் நினைத்த காரணத்தால் இல்லை. கைக்கு லிதுவேனியத்தில் ரங்கா, ரஷ்யனில் ருகா. தலைக்கு கல்வா, கலவா. குளிர்காலத்துக்கு ஷியெமா, ஸிமா. இவை சோவியத் ஆட்சியில் வந்தவை இல்லை, பல ஆயிரம் ஆண்டுப் பழைய இனச்சொற்கள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்குள் பால்டிக் மொழிகளுக்கு மிக நெருங்கியவை ரஷ்யன், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளே. இரண்டையும் சேர்த்து "பால்டோ-ஸ்லாவியம்" என்று ஒரே கிளையாகப் பெரும்பாலான மொழியியலாளர்கள் கொள்கிறார்கள். ஆனாலும் பிரிந்து வெகு காலம் ஆகிவிட்டது. ரஷ்யன் மட்டும் தெரிந்தவருக்கு லிதுவேனியம் புரியாது. லாட்வியருக்கே லிதுவேனியம் படிக்காமல் புரியாது. இரண்டு மொழிகளையும் எழுதுவது லத்தீன் எழுத்தில், ரஷ்ய எழுத்தில் இல்லை.

அந்த எழுத்துக்காக ஒரு போராட்டமே நடந்தது. 1864 முதல் 1904 வரை, லிதுவேனியாவை அப்போது ஆண்ட ரஷ்ய ஜார் அரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல்கள் அச்சிடுவதைத் தடை செய்தது. ரஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷ்யாவில் அச்சடித்த ஜெபப் புத்தகங்களையும் அரிச்சுவடிகளையும் இரவில் மூட்டையாகச் சுமந்து எல்லை கடந்து கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு க்னிக்னெஷெய் என்று பெயர், நூல் சுமப்பவர்கள். பிடிபட்டவர்களில் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஓர் எழுத்து முறைக்காக 40 ஆண்டுகள் இப்படி உயிரைப் பணயம் வைத்த உழவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

லாட்வியர்கள் காத்தது வேறு வகை. அவர்களின் நாட்டுப்பாடல்கள் தைனா எனப்படும், பெரும்பாலும் நாலே வரி. க்ரிஷ்யானிஸ் பாரன்ஸ் என்பவர் அவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்து, சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட ஒரு மர அலமாரியில் வகை பிரித்து வைத்தார். 1894 முதல் 1915 வரை தொகுதிகளாக வெளிவந்த அந்தத் திரட்டில் 2 லட்சத்துக்கும் அதிகமான பாடல் வடிவங்கள் உள்ளன. அந்த அலமாரி இன்று ரீகாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2001இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பாடல்களில் சூரியன் வெறும் சௌலெ இல்லை, பெரும்பாலும் சௌலீதெ. "சூரியக் குட்டி" என்று கொஞ்சுவது போல. எதையும் செல்லப் பெயராக்கும் விகுதிகள் இரண்டு மொழிகளிலும் ஏராளம்.

தப்பிப் பிழைக்காத மூன்றாவது மொழி

பால்டிக் மொழிகள் இன்னும் பல இருந்தன. பழம்பிரஷ்ய மொழி, கூரோனியம், செமிகாலியம், செலோனியம், யோத்விங்கியம் எல்லாம் மறைந்துவிட்டன. ஆற்றுப் பெயர்களை வைத்துப் பார்த்தால் ஒரு காலத்தில் இந்தக் குடும்பம் நீப்பர் ஆற்றின் மேற்பகுதி வரை பரவியிருந்தது தெரிகிறது.

பிரஷ்யா என்றதும் நமக்கு ஜெர்மானியப் படைவீரர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் ஜெர்மானியர்கள் இல்லை, பால்டிக் மக்கள். 13ஆம் நூற்றாண்டில் டியூட்டானிய வீரர் சங்கம் என்ற ஜெர்மானியத் துறவிப் படை அவர்களை வென்றது. நிலமும் போயிற்று, பெயரும் போயிற்று, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழியும் போயிற்று. 1709 முதல் 1711 வரை அங்கே பரவிய கொள்ளை நோய் கடைசியாகப் பேசியவர்களையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அந்த மொழியில் இன்று கையில் இருப்பது மூன்று சமய வினாவிடைகள், சில சொற்பட்டியல்கள், ஒரு சில வாக்கியங்கள். எல்பிங் சொற்பட்டியல் என்ற ஒன்றில் 802 சொற்கள் இருக்கின்றன. முதல் சொல் கடவுள்: தெய்விஸ்.

1974இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக நூலகத்தில் 14ஆம் நூற்றாண்டு லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்தில் இரண்டே வரி பழம்பிரஷ்யத்தில் கிடைத்தது. எந்தப் பால்டிக் மொழியிலும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாக்கியம் அதுதான். மன்னனின் ஆணை இல்லை, பிரார்த்தனை இல்லை. கூட உட்கார்ந்து குடித்த யாரோ ஒருவர் தன் கூட்டாளியைப் பார்த்துச் சொன்னது. இரண்டாம் வரி இப்படி ஒலிக்கும்: "எக் கொய்தெ பொய்தெ, நிகொய்தெ பெனெகா தொய்தெ." குடிக்க மட்டும் ஆசை, காசு கொடுக்க ஆசை இல்லை.